பலூன் முசியேவின் பெர்மிசியோன்

அரசாங்கத்திடம் அனுமதி வாங்க அலைந்தவர்கள் நம் நாட்டில் கோடிப் பேர் இருப்பார்கள். அனுமதியே தேவையில்லாத ஒரு காரியத்துக்கு, அனுமதி வாங்காமல் ஓயமாட்டேன் என்று நின்ற மனிதர், எனக்குத் தெரிந்து, உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் புதுச்சேரியில் இருந்தார். பலூன் முசியே என்று சொன்னால் நெல்லித்தோப்பிலிருந்து கடற்கரை வரைக்கும் தெரியும்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். அது அவர் மனைவி சரோஜாக்காவுக்குத் தெரியும். ஆனால் அக்கா தன் புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டார். ஆகவே எங்களுக்குத் தெரியாமலே போய்விட்டது. முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சிலர் அந்தக் காலத்தில் அப்படிப் பேசுவார்கள். இவர் அதை எல்லோருக்கும் பொதுவாக்கிவிட்டார். கலெக்டரும் முசியே, கருவாட்டுக்காரரும் முசியே, குறுக்கே வந்த ஆடும் முசியே.

திருவிழாக்களில் பலகையில் வரிசையாகப் பலூன் கட்டி, காற்றுத் துப்பாக்கியால் சுடச் சொல்லிக் காசு வாங்குவார்களே, அதுதான் அவர் தொழில். வில்லியனூர் தேர், வீராம்பட்டினம் தேர், மாசி மகம், மற்ற நாளில் கடற்கரை. வருஷக்கணக்காகப் பலூன் ஊதி ஊதி அவர் கன்னம் இரண்டும் தொளதொளவென்று ஆகிவிட்டது. அவர் பேசி முடித்த பிறகும் கன்னம் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருக்கும். சட்டைப் பையில் எப்போதும் பலூன் இருக்கும். டீக்கடையில் காசுக்குக் கை விட்டால் முதலில் ஒரு சிவப்பு, பிறகு ஒரு பச்சை, அதற்குப் பிறகுதான் சில்லறை வரும்.

அவருடைய துப்பாக்கிக்கு மதாம், அதாவது பிரெஞ்சில் அம்மணி, என்று பெயர். "மதாமுக்கு இன்னிக்கு ஒடம்பு சரியில்ல" என்பார். "மதாமுக்கு எண்ணெ வெக்கணும்" என்பார். சரோஜாக்கா ஒருநாள் என் கடையில் நின்றுகொண்டு, "எனக்குத் தலைவலின்னு மூணு நாளா சொல்றேன். அவளுக்கு மட்டும் எண்ணெ வெக்கிறாரு" என்றார்.

எனக்கு அப்போது நெல்லித்தோப்பில் ஒரு சின்னத் தையல் கடை. நான் ஐந்தாவது வரை படித்தவன். நாலு பேர் நடுவில் பேச வராது. ஆனால் தையல்காரனுக்குப் பேச்சு வரவேண்டியதில்லை, ரவிக்கை சரியாக வந்தால் போதும். பேசாமல் இருப்பதால் எல்லோரும் என்னிடம் வந்து பேசினார்கள். முசியேவும் அப்படித்தான்.

அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு துன்பம், துரத்தல். கடற்கரையில் பலகையை நிறுத்தி, பலூனெல்லாம் ஊதிக் கட்டி முடிக்கும் நேரத்துக்குத்தான் எங்கள் ஊர்ப் போலீஸின் சிவப்புத் தொப்பி தூரத்தில் தெரியும். மதாமைச் சாக்கில் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, பலகையைப் பலூனோடு தலையில் தூக்கிக்கொண்டு ஓடுவார். ஒரு பூந்தோட்டம் தானாக எழுந்து ஓடுவதுபோல் இருக்கும். சுட்டுக்கொண்டிருந்தவன் மிச்சக் குண்டுக்காகப் பின்னாலேயே ஓடுவான். திருவிழாக்களிலும் இதே கதைதான். இங்கே போடாதே, அங்கே போ, கோயில் வாசலை மறைக்காதே, தேர் திரும்பணும் எடு. "ஒரு எடத்துல ஒக்காந்து ஒரு டீ முழுசா குடிச்சதில்ல தம்பி" என்பார்.

எழுபதுகளின் கடைசியில் சரோஜாக்காவுக்கு அப்பா வழியில் ஒரு நிலம் வந்தது. தேங்காய்த்திட்டு போகிற வழியில், தென்னந்தோப்புக்குப் பின்னால். அகலத்தில் ஒரு மாட்டு வண்டி திரும்பாது, நீளத்தில் குதிரைப் பந்தயம் விடலாம். பாகம் பிரித்தபோது அண்ணன் தம்பிகளெல்லாம் வேண்டாம் என்று ஒதுக்கியது அது. முசியே போய்ப் பார்த்துவிட்டு வந்து என் கடையில் உட்கார்ந்தார். கன்னம் இரண்டும் ஆடிக்கொண்டே இருந்தன.

"கடவுள் அத துப்பாக்கி சுடறதுக்குன்னே அளந்து வெட்டியிருக்கான் தம்பி. இனிமே நான் எங்கயும் ஓட மாட்டேன். ஆனா ஒண்ணு, பெர்மிசியோன் வாங்கிட்டுத்தான் தொடங்குவேன். வட்டமா முத்திர குத்தின பேப்பர். எவனாவது எழுந்திருன்னு சொன்னா நான் எழுந்திருக்காம அத நீட்டணும். ஒக்காந்துகினே நீட்டணும்."

மறுநாள் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனார். துணைக்கு வா என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அங்கே தடித்த கண்ணாடி போட்ட கிளார்க் ஒருவர் இருந்தார், நல்ல மனுஷன்.

"என்னய்யா வேணும்?"

"பெர்மிசியோன் முசியே."

"எதுக்கு?"

"துப்பாக்கி சுடறதுக்கு."

கிளார்க் பேனாவைக் கீழே வைத்தார். "யாரை?"

"பலூனை."

கிளார்க் பேனாவை மறுபடியும் எடுத்தார். "உன் சொந்த நிலத்துல காத்துத் துப்பாக்கியால பலூன் சுடறதுக்கெல்லாம் அனுமதி வேணாம்யா. போய் நிம்மதியா சுடு."

"வேணாம்னு எழுதிக் குடுங்க."

"வேணாங்கறத எப்படி எழுதறது? வேணும்னா வேணும்னு எழுதலாம்."

"அப்ப வேணும்னே வெச்சிக்கிங்க. எனக்கு ஒண்ணும் ஆட்சேபண இல்ல."

கிளார்க் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அடுத்து போலீஸ் ஸ்டேஷன். உள்ளே நுழையும்போது பழக்கத்தில் அவர் கால் ஓடப் பார்த்தது. பிடித்து நிறுத்தினேன். அங்கிருந்த இன்ஸ்பெக்டரும் அதையே சொன்னார். இதற்கு லைசென்ஸ் வேண்டாம், போ.

"நாளைக்கு உங்க ஆளு ஒருத்தரு வந்து தொரத்துனா நான் இன்னாத்த காட்டறது?"

"உன் சொந்த நெலத்துல உன்ன எவன்யா தொரத்துவான்?"

"கடலு எல்லாருக்கும் சொந்தம்னுதான் முசியே பீச்சுலயும் கட போட்டேன்."

இன்ஸ்பெக்டர் வேறு ஓர் அலுவலகத்தின் பெயரைச் சொல்லி அனுப்பினார். அவர்கள் இன்னொன்றைச் சொன்னார்கள். கடைசியில் வட்டம் சுற்றி மறுபடியும் கண்ணாடி கிளார்க்கிடமே வந்து சேர்ந்தோம். இப்படி மாசக்கணக்கில் நடந்தது. நடுவில் சரோஜாக்கா, "தொரத்தறதுக்கு ஆளு இல்லன்னு நீயே தேடிக்கினு போறியா?" என்று கேட்டும் பார்த்தார். பலகை வீட்டுச் சுவரில் சாய்ந்தே இருந்தது. முசியே திருவிழாவுக்கும் போகவில்லை. முத்திரை வராமல் ஒரு குண்டுகூடச் சுட விடமாட்டேன் என்றுவிட்டார்.

ஒருநாள் கிளார்க் அலுத்துப்போய்ச் சொன்னார்: "பெரிய ஊர்ல எல்லாம் நெசத் துப்பாக்கி சுடற எடம்னு ஒண்ணு இருக்குய்யா. பின்னால குண்டு தாங்கறதுக்கு மண் மேடு இருக்கும். சுடும்போது செவப்புக் கொடி ஏத்துவாங்க, யாரும் குறுக்கே வரக்கூடாதுன்னு. அந்த மாதிரின்னா ஆளு வந்து பாத்து எழுதுவாங்க. நீ போடறது பலூன் கடை."

அவர் சொன்னது போகச் சொல்லி. இவர் எடுத்துக்கொண்டது செய்யச் சொல்லி.

மறுவாரம் அந்த நிலத்தின் கோடியில் மண் மேடு எழுந்தது. கிணறு தூர் வாரின மண்ணை வண்டி வண்டியாக வாங்கிக் கொட்டி, ஆள் உயரத்துக்கு மேலே அடித்துவிட்டார். குண்டுமணி அளவு ரவையைத் தடுக்க அது ரொம்ப அதிகம். பீரங்கிக்கே போதும். பக்கத்துத் தெரு ஆடுகள் அதற்கு முன்னால் மேட்டையே பார்த்ததில்லை. எல்லாம் ஏறி நின்றுகொண்டு ஊரைப் பார்த்தன.

அப்புறம் என்னிடம் வந்தார். "தம்பி, ஒரு கொடி தெச்சிக் குடு. செவப்பு."

"எந்தக் கட்சிண்ணா?"

"பலூன் கட்சி. ரோட்டுலேருந்து பாத்தா தெரியணும். பெருசா தெய்."

போர்வை அளவுக்குத் தைத்துக் கொடுத்தேன். நீளமான சவுக்குக் கழியில் கட்டி நட்டார். "இப்ப வந்து பாக்கச் சொல்றேன்" என்று பலூனெல்லாம் ஊதிக் கட்டி, மதாமை மேசைமேல் படுக்க வைத்துவிட்டு, கிளார்க்கைக் கூப்பிடக் கிளம்பினார். அந்த நேரம் பார்த்து மில் சங்கு ஊதியது.

அந்த நாளில் எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் மில்லில் இருந்தார்கள். போனஸ் பேச்சு இழுத்துக்கொண்டிருந்த சமயம். ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்தவர்கள் தென்னை மரங்களுக்கு மேலே சிவப்புக் கொடியைப் பார்த்தார்கள். பார்த்தவன் நின்றான். நின்றவனைப் பார்த்து அடுத்தவன் நின்றான். எதற்குக் கூட்டம் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் கொடி இருக்கிறது, அவ்வளவு பெரிய கொடி, சின்ன விஷயமாக இருக்காது. கொஞ்ச நேரத்தில் அந்தக் குதிரைப் பந்தய நிலம் முழுக்கச் சைக்கிள்.

தறி ஓட்டும் கோவிந்தன் வந்தார். சங்கத்தில் முக்கியமானவர், எந்தக் கூட்டத்திலும் முதலில் பேசுகிறவர். கூட்டத்தையும் கொடியையும் மண் மேட்டையும் பார்த்தார். மேடை என்றே நினைத்துவிட்டார். ஆடுகளை விலக்கிவிட்டு ஏறி நின்று, "தோழர்களே" என்று ஆரம்பித்தார். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரியாமலேயே ரொம்ப நன்றாகப் பேசினார். கைதட்டல் கூட விழுந்தது.

முசியே கிளார்க்கைக் கூப்பிடப் போகவில்லை. அவருக்கு இவ்வளவு கூட்டம் தேர்த் திருவிழாவில்கூட வந்ததில்லை. முத்திரை வராமல் தொடங்கமாட்டேன் என்றதெல்லாம் மறந்துவிட்டது. முன்வரிசையில் இருந்த ஒரு பையன் கையில் மதாமைக் கொடுத்துவிட்டார். அவன் குறி பார்த்தான். கோவிந்தன் பலகைக்குப் பின்னால் மேட்டின்மேல், கொஞ்சம் வலது ஓரமாக நின்று முழங்கிக்கொண்டிருந்தார். முசியே திடுக்கிட்டு அடித்தொண்டையில் கத்தினார்:

"தலைவரே, வலது பக்கம் நிக்காதீங்க. ரவ அங்கதான் வரும்."

கோவிந்தன் பேச்சை நிறுத்திவிட்டு மெதுவாக மேட்டிலிருந்து இறங்கி வந்தார்.

"பலூன் நடுவுல கீது. ரவ வலது பக்கம் வரும்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

முசியேவின் கன்னம்கூட ஆடவில்லை.

அந்தத் துப்பாக்கியின் முனையில் இருக்கும் குறிமுள்ளைக் கொஞ்சம் வளைத்து வைத்திருந்தார் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. நேராகக் குறி வைத்தால் இரண்டு பலூனுக்கு நடுவே இருக்கிற சந்தில் போகும். திருவிழாப் பலூன் கடைகளில் இது தொழில் முறையாம். எல்லாக் குண்டும் பட்டால் பரிசு என்று அவர் அடுக்கி வைத்திருந்த சோப்பு டப்பாக்கள் வெயிலில் நிறம் போய் வெள்ளையாகிவிட்டதற்கும் அதுதான் காரணம்.

"வருசா வருசம் எம் பொண்ணுக்கு அந்த சோப்பு டப்பாவ அடிச்சிக் குடுக்கணும்னு பாத்தேன்" என்றார் கோவிந்தன். "கை நடுங்குதுன்னு நெனச்சி டாக்டர்ட்ட போயி மாத்திர சாப்புட்டேன்யா."

ஆளாளுக்கு அவரவர் தோல்வியைச் சொல்லிக்கொண்டு முசியேவை நெருங்கினார்கள். அப்போதுதான் போலீஸ் வேன் வந்து நின்றது. வாழ்க்கையில் முதல்முறையாக முசியே சிவப்புத் தொப்பிகளை நோக்கி ஓடினார்.

இறங்கியது அதே இன்ஸ்பெக்டர். "யாருய்யா கொடி ஏத்துனது? என்ன ஸ்ட்ரைக்கு?"

"ஸ்ட்ரைக்கு இல்ல முசியே. பலூன்."

இன்ஸ்பெக்டர் நிலத்தைச் சுற்றி நடந்தார். மேட்டைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார், மதாமைக் கையில் எடுத்துப் பார்த்தார். சிரிப்பை அடக்க மீசையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"வேன் எடுத்துகினு வந்ததுக்கு நான் இப்ப மேல எழுதணும். இன்னான்னுய்யா எழுதறது?"

முசியே அவர் பக்கத்தில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "பாத்தத எழுதுங்க. இது துப்பாக்கி சுடற எடம், சொந்த நெலம், மேடு கட்டியிருக்குது, ஆபத்து ஒண்ணும் இல்லன்னு எழுதுங்க. இத்தன வருசமா என்னத் தொரத்துனதெல்லாம் போவட்டும். இத மட்டும் எழுதிடுங்க."

அவர் எழுதினார். அந்தக் காகிதத்தின் நகலைக் கொண்டுபோய்க் கண்ணாடி கிளார்க்கிடம் கொடுத்தபோது அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். "இத்தன நாளா என்கிட்ட நீதான் இருந்தே, ஃபைல் இல்ல. இப்ப போலீஸே ஒரு ஃபைல் தொறந்து குடுத்துட்டாங்க. இனிமே நான் அனுமதி குடுக்காம இருந்தாத்தான் தப்பு."

அனுமதி வந்தது. வட்ட முத்திரை, நடுவில் கொஞ்சம் மை ஊறி, பௌர்ணமி நிலா மாதிரி. கீழே நிபந்தனைகள். கொடி சிவப்பாக இருக்கக்கூடாது. சுடுகிறவர் கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும். துப்பாக்கி பழுதில்லாமல், குறி பிசகாமல் சுடும் நிலையில் இருக்க வேண்டும்.

முசியே அன்று சாயங்காலமே குறடு எடுத்து மதாமின் குறிமுள்ளை நிமிர்த்திவிட்டார்.

சரோஜாக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "எவன் வந்து பாக்கப்போறான்? கொஞ்சமாவது கோணலா இருக்கட்டும்."

"முத்திர பாத்துகினு இருக்குதே" என்றார் முசியே.

நான் மஞ்சள் துணியில் புதுக் கொடி தைத்துக் கொடுத்தேன். கடை ஆரம்பமானது. அனுமதியைக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் நாற்காலிக்கு நேர் மேலே மாட்டினார். கோபத்தோடு பழி தீர்க்க வந்த மில்காரர்கள் சுட்டார்கள். நேராகச் சுடுகிற துப்பாக்கியில் எல்லாப் பலூனும் வெடித்தது. கோவிந்தன் பெண்ணுக்குச் சோப்பு டப்பா கிடைத்தது. அவர் மனைவிக்கு ஒன்று, மாமியாருக்கு ஒன்று. நெல்லித்தோப்பில் சோப்பு இல்லாத வீட்டிலும் சோப்பு டப்பா இருந்தது. முசியே நாற்காலியில் உட்கார்ந்து டீ முழுசாகக் குடித்தார்.

இரண்டு மூன்று மாசம் போயிருக்கும். சரோஜாக்கா ஒரு ரவிக்கையைக் கொண்டுவந்து, "பழசுதான், பிரிச்சித் தெச்சிக் குடு தம்பி" என்றார். ரவிக்கையை மேசைமேல் வைத்துவிட்டு ஆரம்பித்தார். "வர்றவன் போறவன்லாம் அடிச்சிட்டுப் பரிசு வாங்கினு போறான். பலூன் வாங்கக்கூட வழி இல்ல. முள்ள திருப்புன்னா கேக்க மாட்டேங்குது மனுசன். அந்தக் கண்ணாடிச் சட்டத்துக்குக் கீழ காலிப் பலகய பாத்துகினு ஒக்காந்துனு கீது. கடய வித்துட்டு மறுபடியும் தேருக்குத் தேரு போலாம்னு நேத்து சொல்லுச்சி. அந்த முட்டி வலிய வெச்சிகினு எப்பிடி ஓடும்?"

எனக்கு நாலு பேர் நடுவில் பேச வராது என்று சொன்னேன் அல்லவா. அன்றைக்கு டீக்கடையில் போய் அதைச் சொல்லிவிட்டேன். ஷிப்ட் முடிந்து எல்லோரும் இருந்தார்கள். கோவிந்தன் டீயை வைத்துவிட்டு எழுந்து, "இன்னிலேருந்து எவனும் ரெண்டு பலூனுக்கு மேல அடிக்கக் கூடாது. சம்மதம்னா கை தூக்குங்க" என்றார். சங்கக் கூட்டத்தில் போனஸுக்குக்கூட அவ்வளவு கை தூக்கி நான் பார்த்ததில்லை.

தூக்குவது சுலபம், செய்வது கஷ்டம். பலூன்கள் நெருக்கமாகக் கட்டியிருக்கும். நேராகச் சுடுகிற துப்பாக்கியில் தவறவிட வேண்டும் என்றால் சந்து பார்த்துச் சரியாக அடிக்க வேண்டும். முதல்நாள் ஒருவன் தவறவிடப் பார்த்து ஒரே குண்டில் இரண்டை உடைத்துவிட்டான். வெளியே கூப்பிட்டுக் கோவிந்தன் அவனைத் திட்டினார். "ஒழுங்கா தப்பா சுடத் தெரியாதவன்லாம் ஏன்டா வர்றீங்க?" பிறகு பழகிக்கொண்டார்கள். கடை நடந்தது. சோப்பு டப்பா மறுபடியும் வெளுக்க ஆரம்பித்தது.

சுடுகிறவனின் தோளைப் பார்த்தே ரவை எங்கே போகும் என்று சொல்கிற மனிதர் முசியே. அவருக்குத் தெரியாமல் இருக்குமா. ரொம்ப நாள் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சாயங்காலம் நான் போய் வழக்கம்போல் எல்லாக் குண்டையும் தவறவிட்டேன். அவர் எழுந்து வந்து மதாமை என் கையிலிருந்து வாங்கினார். குறிமுள்ளை விரலால் தடவிப் பார்த்தார்.

"மதாம் நேராத்தான் கீறா தம்பி. இந்த ஊருதான் கோணலா ஆயிடுச்சி" என்றார். ஒரு பலூனை எடுத்து ஊதத் தொடங்கினார். ரொம்ப நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டே ஊதினார்.

அதற்குப் பிறகு கடைசி வரைக்கும் அவர் அந்த நாற்காலியை விட்டு எங்கேயும் ஓடவில்லை. யாரும் துரத்தவும் இல்லை.

எத்தனையோ வருஷமாக அளவு எடுத்து, கோடு போட்டு, வெட்டித் தைத்துப் பிழைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்தப் பலூன்களுக்கு நடுவே ஒரு விரல்கடைச் சந்தைத் தேடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுட்டேனே, அவ்வளவு கவனமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.